மடிப்பிச்சையில் ஆளைக் கேட்ட அக்காவுக்கு

என் பாசத்துக்கும் என் கோபத்துக்கும் சரிபாதி சொந்தமான தெய்வானை அக்காவுக்கு,

கூழ் வார்க்கும் நோட்டீஸில் உங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி கோயில்காரர்கள் கேட்டிருந்தார்கள். நாலு வரிதானே என்று உட்கார்ந்தேன். "அன்னாரின் ஆன்மா" என்று ஆரம்பித்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களைப் போய் அன்னார் என்பதா? அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அவர்கள் அச்சடித்தாலும் சரி, அடிக்காவிட்டாலும் சரி. யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். நான் உங்களிடம்தான் பேசுகிறேன்.

நீங்கள் இல்லாத முதல் ஆடி இது. இன்றைக்கு மூன்றாம் வெள்ளி. விடிந்ததும் புறப்பட்டு நெம்மேலி வரைக்கும் போய் மடிப்பிச்சை எடுத்துக்கொண்டு இப்போதுதான் திரும்பினேன். குதிகால் இரண்டும் வெடித்துக் கிடக்கின்றன. மஞ்சள் புடவையை அலசிக் கொடியில் போட்டுவிட்டு, ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு எல்லா வீட்டிலும் அரிசியை மட்டும்தான் கேட்டேன். "அவ்ளோதானா சின்னம்மா? வேற ஒண்ணும் கேக்கலியா?" என்று ஒவ்வொருவரும் சந்தேகமாகப் பார்த்தார்கள். மடியை முடிந்துகொண்டு அடுத்த வாசலுக்கு நடந்தேன்.

வேறு என்ன கேட்போம் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கருங்குழி வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தபோது, நீங்கள் அந்த வீட்டின் மூத்த மருமகள். இருபத்து நாலு வயதில் தாலியை இழந்து வெள்ளைப் புடவையில் சமையல்கட்டோடு இருந்தீர்கள். ஓரகத்திகள் என்றால் சண்டை போட வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். நாமும் குறை வைக்கவில்லை. ஓர் அம்மியை எங்கே போடுவது என்பதில் மூன்று மாதம் முகம் பார்க்காமல் இருந்தோமே, நினைவிருக்கிறதா? பிறகு பாகம் பிரித்தபோது, கடற்கரைப் பக்கத்துச் சவுக்குத் தோப்பும் அதற்குள் இருந்த ஓட்டு வீடும் உங்கள் பங்குக்கு வந்தன. வெறும் மணல்தானே என்று மற்றவர்கள் தாராளமாக விட்டுக்கொடுத்தார்கள். நீங்கள் தனியாளாக அங்கே போனீர்கள். அடிபட்டு வந்தவள், துரத்தப்பட்டு வந்தவள், போக்கிடம் இல்லாதவள் என்று ஒவ்வொருத்தியாக அங்கே வந்து சேர்ந்தார்கள். பத்து நாள் ஒத்தாசைக்கு என்று வந்த நான் ஊர் திரும்பவேயில்லை. உங்கள் கொழுந்தனார், என் வீட்டுக்காரர், செங்கல்பட்டில் பஸ் ஓட்டிக்கொண்டு, வாரம் ஒருமுறை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறவராக ஆனார்.

அந்த மஞ்சள் புடவை வந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆடியில் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் கட்டி, முந்தானையை ஏந்தி, வீடு வீடாகப் போய் அரிசி வாங்கிக் கூழ் வார்ப்பது நம் பக்கத்து வழக்கம். வெள்ளை கட்டியவள் மஞ்சள் கட்டலாமா என்று ஊரில் முணுமுணுத்தார்கள். அம்மனுக்கு வேண்டுதல் என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள். ஆடி முடிந்தது. ஆவணி வந்தது. நீங்கள் மஞ்சளைக் கழற்றவில்லை. "இன்னாம்மா, ஆடிதான் போயிடிச்சே?" என்று கேட்டவர்களிடம், "வேண்டுதல் இன்னும் முடியலியே" என்றீர்கள். சாகும் வரைக்கும் அந்த வேண்டுதல் முடியவில்லை.

அரிசி வேண்டாம் என்று நீங்கள் முதன்முதலாகச் சொன்ன அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். திருப்போரூர் போகிற வழியில் ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரர் முறத்தில் அரிசியோடு வாசலுக்கு வந்தார். நீங்கள் ஏந்திய மடியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டீர்கள்.

"அரிசி வேணாம் நைனா. ஒம் பொண்ண பள்ளிக்கூடத்துலருந்து நிறுத்திட்டியாமே. அத்த மறுபடி அனுப்புறேன்னு சொல்லு. அத்தப் போடு."

"இன்னாம்மா இது பேஜாரு? மடிப்பிச்சன்னா அரிசி கேப்பாங்க, டப்பு கேப்பாங்க. இதெல்லாமா கேப்பாங்க?"

"நானா கேக்குறேன்? அம்மா கேக்குறா. போடுறியா, இல்லியா?"

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "போட்டேன்னு சொல்லுய்யா. வூட்ல கொழந்த குட்டிங்க கீது."

"போட்டேன்" என்றார்.

அந்தப் பெண் இன்று மதுராந்தகத்தில் டீச்சர் வேலை பார்க்கிறாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாம் எத்தனை வாசல் ஏறி இறங்கினோம்! ஒரு வீட்டில் பெண்டாட்டியை அடிக்கிற இடுப்பு பெல்ட்டைக் கேட்டீர்கள். ஒரு வீட்டில் மருமகளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டீர்கள். மடி ஏந்தி வந்தவளை இல்லையென்று அனுப்பினால் வீட்டில் அம்மை போடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டாவது "போட்டேன்" என்று சொல்லிவிடுவார்கள். ஊர் முன்னால் சொல்லிவிட்டு மீறவும் முடியாது.

மெட்ராஸிலிருந்து காரில் வந்த மாதர் சங்கத்து அம்மாக்கள், "நீங்களே மூடநம்பிக்கையை வளர்க்கலாமா?" என்று கேட்டார்கள். கோயில் தர்மகர்த்தா, "அம்மனை உங்கள் வம்புக்கு இழுக்காதீர்கள்" என்று ஆளனுப்பினார். இரண்டு தரப்புக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னீர்கள்: "அவங்களுக்கு அம்மன் வேணாம், இவங்களுக்குப் பொம்பள வேணாம். நாம ரெண்டையும் வச்சிகினு இன்னாடி பண்றது?"

நான் அதையெல்லாம் ஒரு சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன். "நல்லா மிரட்டினீங்கக்கா" என்று ஒருநாள் சிரித்தபோது உங்களுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "மெரட்டுனது நான் இல்லடி" என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நீங்கள் நிஜமாகவே நம்பினீர்கள். அந்த மடியை அம்மனே ஏந்துகிறாள் என்று நம்பினீர்கள். எனக்கு அந்த அளவுக்கு நம்பிக்கை இருந்ததில்லை அக்கா. உங்களை நம்பினேன், அவ்வளவுதான்.

பிறகுதான் நீங்கள் ஆளையே கேட்க ஆரம்பித்தீர்கள். அதில் முதல் ஆள் பூங்காவனம்.

குப்பத்து ஏழுமலையின் மனைவி. கட்டுமரத்தில் போய்வருகிறவன், கரைக்கு வந்தால் குடிப்பான், குடித்தால் அடிப்பான். அந்தமுறை அவள் இடது கை ஒடிந்திருந்தது. ஆடி முதல் வெள்ளியன்று நாம் அவன் குடிசை முன்னால் போய் நின்றோம். அவன் ஒரு படி அரிசியைக் கொண்டுவந்தான். "அரிசி வேணாம்டா ஏழுமல. பூங்காவனத்தப் போடு" என்றீர்கள். குப்பமே கூடிவிட்டது. அவன் மனைவியைப் பார்த்தான், உங்கள் மடியைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். கடைசியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு "போட்டேன்" என்றான். ஒடிந்த கையைத் துணியில் தொங்கவிட்டபடி அவள் நமக்குப் பின்னால் நடந்து வந்தாள். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று வருஷம் ஆகிறது. கை கூடியதும் அடுப்படி முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டாள். மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரை போய் விற்றுவிட்டு வருவாள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். "தங்கமான பொண்ணு" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டி மூன்றே நாளில் போய்விட்டீர்கள். நீங்கள் கடைசியாகச் சொன்னது ஈர விறகை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லித்தான். பெரிய வார்த்தை ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா? நான் எதைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டை நடத்துவேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

நான் களைத்துப் போய்விட்டேன் அக்கா. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத களைப்பு. காலையில் எழுந்தால் ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்தியைத் தேடி அண்ணன்மார்கள் அரிவாளோடு நிற்பார்கள், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இருக்காது. சாராயக் கடைகளை அரசாங்கம் இழுத்து மூடிவிட்டதாகச் சொல்கிறார்கள். குடிக்கிறவர்கள் என்னவோ குடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதையும் கேளுங்கள்: பெரியம்மையை ஒழித்தாகிவிட்டது என்று ரேடியோவிலேயே சொல்லிவிட்டார்கள். நல்ல சேதிதான், கும்பிட வேண்டிய சேதி. ஆனால் அம்மை போனதோடு நம் மடிமேல் இருந்த பயத்தில் பாதியும் போய்விட்டது. "நாளைக்கு வாம்மா" என்று சொல்லப் பழகிவிட்டார்கள்.

உங்கள் கொழுந்தனாரும் சொல்லிவிட்டார். "போதும் கோமளா. தோப்பைக் குத்தகைக்கு விட்டுட்டு ஊருக்கே வந்துடு. அண்ணியோட முடிஞ்சிபோச்சி." கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். என் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆடி முடியட்டும், சொல்கிறேன் என்றேன். மனதுக்குள் சரி என்று சொல்லியாகிவிட்டது. உங்களிடம் மறைப்பானேன்?

அப்படி இருக்கும்போதுதான் போன வெள்ளிக்கிழமை வந்தது.

காலை எட்டு மணி இருக்கும். நான் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். பம்பைச் சத்தம் கேட்டது. யாரோ கூழுக்கு வருகிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்தால், ஏழுமலை. கடலில் குளித்த ஈரம் சொட்டச் சொட்ட, மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, கழுத்தில் வேப்பிலை. பின்னால் குப்பத்து ஆட்கள். தோள் துண்டை இரண்டு கையாலும் விரித்து ஏந்திக்கொண்டு நின்றான்.

"மடிப்பிச்ச போடுங்கம்மா."

எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. உள்ளே போய் முறத்தில் அரிசி அள்ளிக்கொண்டு வந்தேன். அவன் ஓர் அடி பின்னால் போனான்.

"அரிசி வேணாம் சின்னம்மா. பூங்காவனத்தப் போடுங்க."

உங்கள் வார்த்தை அக்கா. உங்கள் ராகம்கூட அப்படியே இருந்தது. மூன்று வருஷமாக மனப்பாடம் செய்திருப்பான் போல.

"ஆம்பளைக்கு ஏதுப்பா மடி?" என்று அசட்டுத்தனமாக ஒன்று கேட்டேன். கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார். "துண்டு ஏந்துனா அதுவும் மடிதாம்மா. அம்மனுக்கு ஆம்பள இன்னா, பொம்பள இன்னா?"

ஏழுமலை நிதானமாகச் சொன்னான். "நாப்பத்தெட்டு நாளா ஒரு சொட்டு தொடல. காப்பு கட்டிகினு கீறேன். அன்னிக்குப் பெரியம்மா கேட்டாங்க, மறுபேச்சு பேசாம போட்டேன். இன்னிக்கு நான் கேக்குறேன். போடுறீங்களா, இல்லியா?"

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இல்லை என்று சொன்னால், நாளையிலிருந்து எந்த வீட்டில் போய் நான் மடி ஏந்துவேன்? "நீ மட்டும் போட்டியா?" என்று கேட்க மாட்டார்களா? நீங்கள் ஆயுசு முழுக்கச் சம்பாதித்த அந்த ஒரு சொல் அங்கேயே செத்துவிடும். ஆமாம் என்று சொன்னால், ஒடிந்த கையோடு வந்தவளை நானே திருப்பி அனுப்பியதாகும்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். "போட்டேன்" என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். தர்மத்துக்காக அல்ல, அம்மனுக்குப் பயந்தும் அல்ல. களைப்பு. குடியை விட்டவன்தானே, கூட்டிக்கொண்டு போகட்டும், ஒரு பாரம் குறையும் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடிக்காக நீங்கள் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம்.

அதற்குள் பூங்காவனம் வெளியே வந்துவிட்டாள். ஆட்டுக்கல்லிலிருந்து எழுந்து வந்தவள், கையெல்லாம் மாவு. எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நில்லுங்க சின்னம்மா. அன்னிக்குப் பெரியம்மா இந்தாளுகிட்ட கேட்டாங்க. இந்தாளு போட்டான். இன்னிக்கு இந்தாளு உங்ககிட்ட கேக்குறான். நீங்க போடப் போறீங்க. நான் இன்னா அரிசியா? முறத்துக்கு முறம் மாத்திகினே இருப்பீங்களா?"

அவள் ஏழுமலையைச் சுட்டிக் காட்டினாள். "இந்தாளு கேட்டதுல தப்பு இல்ல சின்னம்மா. கத்துக்குடுத்ததே நீங்கதான்."

பிறகு என் கையிலிருந்த முறத்திலிருந்து இரண்டு கை அரிசியை அள்ளி அவன் துண்டில் போட்டாள். "இந்தா. கூழு ஊத்து. குடிக்காம கீறியா, சந்தோசம். அப்டியே இரு. நான் வர்ல."

அவன் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன். துண்டை முடிந்துகொண்டு கோயில் பக்கம் நடந்தான். அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பம்பைக்காரர் கொஞ்ச தூரம் சும்மாவே போனார்.

கூட்டம் கலைந்ததும் அவள் மறுபடி ஆட்டுக்கல்லில் போய் உட்கார்ந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். "அன்னைக்கு எங்ககூட வர்றதுக்கு உனக்கு இஷ்டம் இல்லையா?"

"இஷ்டந்தான். கையி ஒடிஞ்சி கெடந்தவளுக்கு வேற ஏது போக்கிடம்? ஆனா யாராச்சும் என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா, வரேன்னு நானே சொல்லிட்டு வந்திருப்பேன். அந்தாளு போட்டேன்னு சொல்லித்தானே வந்தேன்? மூணு வருசமா இந்த வூட்ல போட்ட அரிசியாத்தான் கீறேன். சோறு ஆக்குறேன், பெருக்குறேன், வாயத் தொறக்கல. பிச்சையில விழுந்த பொருளுக்கு இன்னா வாயி?"

தங்கமான பெண் என்றோமே, அக்கா. அது தங்கம் இல்லை. அது வாயடைத்துப் போனது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு மூன்று வருஷம் நாம் அதைக் கவனிக்கவில்லை.

எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. அவளை விடுவிக்கப் போன இடத்தில் அவனிடம் ஏன் கேட்டீர்கள்? அவன் கொடுத்தால்தான் அவள் வரலாம் என்று நாமே ஊர் முன்னால் ஒத்துக்கொண்டோமே. நீங்கள் இதை யோசித்ததுண்டா? ஒருநாளாவது உறுத்தியதா? அம்மன் கேட்டது உண்மையாகவே இருக்கலாம். யாரிடம் கேட்கச் சொன்னாள் என்பதை நாம் சரியாகக் காதில் வாங்கவில்லையோ? உங்கள்மேல் மட்டும் பழி போடவில்லை. பக்கத்தில் மடி ஏந்தி நின்றவள் நான்தானே.

அன்று மதியமே அவளிடம் கேட்டேன். மஞ்சள் கட்டவில்லை, மடி ஏந்தவில்லை, அம்மன் பெயரையும் எடுக்கவில்லை. பெயரை எடுத்தால் அவளால் மறுக்க முடியாதல்லவா? வெறும் கோமளாவாகக் கேட்டேன். "பூங்காவனம், நீ இங்கேயே எங்களோட இருக்கிறியா?"

உடனே சரி என்பாள், கண்ணீர் விடுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"யோசிச்சி சொல்றேன்" என்றாள்.

ஒரு வாரம் ஆகிவிட்டது. இன்னும் சொல்லவில்லை. நேற்று முட்டுக்காட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கேயே தங்கிவிடுவாளோ, திரும்பி வருவாளோ, ஏழுமலையைப் பார்க்கப் போவாளோ, எனக்கு ஒன்றும் தெரியாது. எரிச்சலாகவும் இருக்கிறது. அவளில்லாமல் அடுப்படி அல்லோலகல்லோலப்படுகிறது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், இந்த வீட்டில் ஒரு பெண்ணின் பதிலுக்காக நான் காத்துக்கொண்டிருப்பது இதுதான் முதல் தடவை.

உங்கள் கொழுந்தனாருக்கு இன்று காலை போகிற வழியில் கார்டு போட்டுவிட்டேன். ஊருக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். காரணம் எழுதவில்லை. ஒருத்தி யோசித்துக்கொண்டிருக்கிறாள், அதுவரை நகர முடியாது என்று எழுதினால் அவருக்குப் புரியுமா?

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. அடுத்த ஆடியிலும் மஞ்சள் கட்டுவேன், மடி ஏந்துவேன். ஆனால் இனி ஒரு பெண்ணை எந்த ஆணிடமும் கேட்க மாட்டேன். அவளைத் தனியாகப் பார்த்து, வருகிறாயா என்று அவளிடமே கேட்பேன். முடியாது என்று சொன்னால் அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடப்பேன். யோசித்துச் சொல்கிறேன் என்றால், அவள் யோசித்து முடிக்கும் வரை இங்கேயே இருப்பேன்.

இப்படிக்கு,
உங்களோடு ஒரே வீட்டுக்கு வாழ வந்த ஓரகத்தி,
கோமளா